செக்கிங் மேசைக்கு ஒரு சூப்பர்வைசர்

16.4.2024, செவ்வாய்

விஷு விடுமுறை முடிந்து இன்று வேலை. காரக்கோணம் பஸ்ஸில் இடமில்லை, நின்றுகொண்டே வந்தேன். தையல் யூனிட்டுக்குள் நுழைந்ததும் துணித் தூசியில் தும்மல்.

செக்கிங் மேசைக்கு இன்னும் சூப்பர்வைசர் போடவில்லை. பழைய ஆள் மகளோடு ஷார்ஜாவுக்குப் போய் ஒரு மாதமாகிறது. அடுத்தது சிஜிதான் என்று மேசையில் எல்லாரும் நினைத்திருக்கிறோம். தையல் விட்டிருந்தால் நாங்கள் கண்ணால் பார்க்கும் முன்பே அவள் விரல் கண்டுபிடித்துவிடும். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள், எனக்கு வேலை கற்றுத்தந்தவள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. கையால் சொல்வாள். புரியாவிட்டால் நோட்டில் மலையாளத்தில் எழுதிக் காட்டுவாள். தமிழ்ப் பள்ளியில் படித்த நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஏழு வருஷமாக அப்படியே ஓடுகிறது.

22.4.2024, திங்கள்

எர்ணாகுளத்திலிருந்து பயிற்சி கொடுக்கும் ஆட்கள் வந்து ஒரு மணிநேரம் வகுப்பு எடுத்தார்கள். வேலையிடத்தில் ஆண், பெண், சாதி, மதம், உடல் குறை எதுவும் பார்க்கக் கூடாதாம். சிஜியை முன்வரிசையில் நிறுத்தி, பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். கைமொழி தெரிந்த ஒருவரையும் கூட்டி வரவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கையால் கேட்டாள். ‘எல்லாரும் சமம் என்கிறார்கள்’ என்று அவள் நோட்டில் எழுதினேன். சத்தமாகச் சிரித்துவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

24.4.2024, புதன்

மேனேஜர் மனு கூப்பிட்டு, நான்தான் இனி சூப்பர்வைசர் என்றார். சிஜி இருக்கிறாளே என்றேன்.

“அவளுக்கு வேலை தெரியும், இல்லேன்னு சொல்லல்ல. போன் வந்தா யாரு எடுக்கது? நாலு பேர அதட்டி வேலை வாங்கண்டாமா? நீங்கதான் சரி, சுகிர்தா அக்கா.”

மறுத்துச் சொல்ல வார்த்தை இருந்தது. சொல்லவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

25.4.2024, வியாழன்

சிஜி இன்று என்னைப் பார்க்கவே இல்லை.

17.5.2024, வெள்ளி

நெய்யாற்றின்கரைக் கடைக்குப் போகவேண்டிய பள்ளிச் சீருடை. பாவாடைகளில் நாற்பத்தொன்றைச் சிஜி தனியே எடுத்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். பக்கத் தையல் லேசாக இழுத்தாலே பிரிகிறது. வண்டி வாசலில் நிற்கிறது, திரும்பத் தைக்க நேரமில்லை, ஸ்டிக்கரை எடுத்துவிட்டுப் பேக்கிங் செய்யுங்கள் என்றார் மனு.

நானே உரித்தேன். சிஜி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையை விடுவித்துக்கொண்டேன். மிச்சத்தையும் உரித்தேன்.

18.5.2024, சனி

அசதி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

5.6.2024, புதன்

பள்ளி திறந்து மூன்றே நாள். வகுப்பில் பிள்ளைகளின் பாவாடை கிழிந்திருக்கிறது. ஒரு பிள்ளை பையை இடுப்பில் மறைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாளாம். கடைக்காரர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். நாளை முதலாளி அம்மா வருகிறார்கள்.

மனு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறார். செக்கிங்கில் இருந்த சிஜிக்குச் செவித்திறன் குறைபாடு இருப்பதால் பழுதைத் தெரிவிக்க முடியாமல் போயிற்று என்று. நான் கையெழுத்துப் போடவேண்டும். அவளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம், நூல் வெட்டும் பக்கம் மாற்றிவிடுவார்களாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஒரு கையெழுத்துதானே. நாளைக்கு ஒன்ன வெளிய போன்னு சொன்னா அவளா வந்து கேப்பா?”

கேக்க மாட்டா. எதுக்குக் கேக்கணும்? நான் அவளுக்காகக் கேட்டேனா?

6.6.2024, வியாழன்

போடவில்லை.

கடிதத்தை முதலாளி அம்மாவின் மேசையில் வைத்து, சிஜி ஸ்டிக்கர் ஒட்டினாள், மனு சார் சொல்லி நான் உரித்தேன் என்றேன். மனு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிஜியைக் கூட்டிவந்தேன். அவள் தன் நோட்டைத் திறந்து காட்டினாள். தேதி, பீஸ் எண், பழுது, நாற்பத்தொன்றும் வரிசையாக எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி: ‘சுகிர்தா அக்காவுக்குத் தெரியும்.’

முதலாளி அம்மா வாசித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்: “பின்ன நீ எதுக்காக்கும் அங்க இருக்க?”

“எனக்குப் பேச வரும்னு இருத்தினாவ அம்மா. பேச வேண்டிய அன்னைக்கு நான் பேசல்ல.”

பஸ்ஸில் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

10.6.2024, திங்கள்

பழையபடி மேசையில் நிற்கிறேன். மனு அதே நாற்காலியில்தான். சிஜிக்கு மூன்று மாதம் சூப்பர்வைசர் பொறுப்பு, பார்த்துவிட்டு நிரந்தரம் என்றிருக்கிறார்கள். போன் விஷயங்கள் இனி வாட்ஸாப்பில் எழுத்தாக வரும். அவ்வளவுதான். இந்தச் சின்ன மாற்றத்தைச் செய்ய முடியாதென்றுதான் அவளை விட்டுவிட்டு என்னைப் போட்டார்கள்!

மேசையில் முணுமுணுப்பு. வாய் பேசாதவளிடம் திட்டு வாங்க வேண்டுமா என்கிறாள் ஒருத்தி. நான் பேசாமல் இருக்கவில்லை. வேலை தெரிந்தவளிடம்தானே வாங்குகிறோம் என்றேன். இப்போது முணுமுணுத்தவளும் என்னிடம் பேசுவதில்லை.

சிஜியிடம் மன்னிப்புக் கேட்டு மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பித் தந்தாள். வேறெதுவும் எழுதவில்லை.

12.8.2024, திங்கள்

நான் பார்த்து முடித்த சட்டைகளில் மூன்றைச் சிஜி பழுதென்று திருப்பிப் போட்டாள். இரண்டில் பட்டன் துளை சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதில் என்ன குறை? எவ்வளவு பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்கிறாளோ? சட்டையை எடுத்துக்கொண்டு மனுவிடம் போனேன்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அத சிஜிகிட்ட கேளுங்க அக்கா. செக்கிங் அவளுக்க பொறுப்பாக்கும்.”

திரும்பி வந்தேன். கேட்கத் தெம்பில்லை. மூன்றையும் தையலுக்குக் கொடுத்தேன். நாளைக்குக் கேட்க வேண்டும்.