டெலியோ சுடவில்லை, என் துப்பாக்கி வாயில் ஒட்டியிருக்கும் டேப்பை நம்ப வேண்டாம்

அனுப்புநர்
ஜெர்விக் அப்ரெனிகா (வயது 27),
லிஃப்ட் பராமரிப்பு டெக்னீஷியன்,
18, நான்காம் சந்து, மலுனாய் குடியிருப்பு,
சான் அனிசெட்டோ.

பெறுநர்
தலைமைக் காவல் அதிகாரி அவர்கள்,
நகரக் காவல் நிலையம்,
சான் அனிசெட்டோ.

பொருள்: என் மீது நானே கொடுக்கும் புகார், திரு. டெலியோ பகுலியைத் துப்பாக்கிச் சூட்டு வழக்கிலிருந்து விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 30.12.2014, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3 மணி 10 நிமிடம். வெடித்த குண்டு ஒன்று. வெடித்த இடம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. துப்பாக்கி என்னுடையது, உரிமம் என் பெயரில், விசையை இழுத்த விரலும் என்னுடையது. குண்டு என் வீட்டுப் பிளைவுட் சுவரைத் துளைத்து, சந்தின் குறுக்கே போய், எதிர்வீட்டு ரொசெந்தா அம்மாவின் வலது முழங்கையில் புகுந்து வெளியேறிச் சாக்கடையில் விழுந்தது. அதிர்ஷ்டத்துக்காகப் புத்தாண்டுக்கு வைக்கும் பன்னிரண்டு உருண்டைப் பழங்களை அவர் வாசலில் கழுவிக்கொண்டிருந்தார்.

2. இதற்காக என் பக்கத்து வீட்டுக்காரர், டிரைசைக்கிள் ஓட்டும் டெலியோ, பத்து நாளாக உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். உரிமம் இல்லாத பழைய நாட்டு ரிவால்வர் ஒன்று அவர் வீட்டில் இருந்தது உண்மை. அது தனி வழக்கு, அதற்கு நான் வாதாட வரவில்லை. இந்தக் குண்டு அவருடையதல்ல.

3. நடந்த விதம். புத்தாண்டில் யாரும் வானத்தைப் பார்த்துச் சுடாதிருக்க, காவலர் துப்பாக்கிகளின் வாயில் டேப் ஒட்டிக் கையெழுத்திடுவது போல, எங்கள் குடியிருப்பில் உரிமம் உள்ள வீட்டுத் துப்பாக்கிகளுக்கும் ஒட்டுகிறார்கள். 27ஆம் தேதி சார்ஜென்ட் வில்யார்பா வந்து என்னுடையதற்கு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் மீண்டும் குண்டு ஏற்றி வைத்தேன். 2012இல் வீட்டில் திருடு போனதிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம்.

30ஆம் தேதி விடுமுறைக்கு மைத்துனன் நொனோய் வந்திருந்தான். "சட்டமெல்லாம் பேசுற மச்சானுக்கு இதைக் கழட்டத் தெரியுமா, இல்ல பூட்டி வச்சுக் கும்பிட மட்டும்தானா?" என்றான். துருப்பிடித்திருக்கும், துடைக்க வேண்டும் என்று அவனிடம் ஒரு காரணம் சொன்னேன். ஒரு நிமிடத்துக்குள் கழற்றிக் காட்ட வேண்டும் என்பதே உண்மையான காரணம். மனைவியின் முடி உலர்த்தியால் டேப்பைச் சூடாக்கி, கையெழுத்துக் கிழியாமல் உரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன்.

முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். நான் ஸ்லைடை முதலில் இழுத்தேன். ஒரு குண்டு வெளியே குதித்தது. காலி என்று முடிவு கட்டி, அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினேன். அதற்குள் மேகசினிலிருந்து அடுத்த குண்டு உள்ளே ஏறிவிட்டது. இந்த மாடலைப் பிரிப்பதற்கு முன் விசையை இழுத்தாக வேண்டும். உள்ளே பார்க்காமல் இழுத்தேன்.

என் வேலையில் ஒரு விதி உண்டு: மின்சாரத்தை நிறுத்து, பூட்டு, சோதி, பிறகு கை வை. இதில் ஒரு படியைத் தவறவிட்ட இருவரை வேலையை விட்டே அனுப்பச் சொன்னவன் நான்.

4. அலறல் கேட்டதும் நான் ஓடவில்லை. டேப்பை மறுபடி ஒட்டினேன். கோணாமல் ஒட்டினேன். நாற்பது வினாடி ஆகியிருக்கும். சுவர்த் துளையின் மேல் புது வருட காலண்டரை மாட்டினேன். வெளிப்பக்கம் அது பழைய ஆணித் துளைகளோடு ஒன்றாகத்தான் தெரியும். நொனோயிடம் வாயைத் திறக்காதே என்றேன். அதன் பிறகு ஓடி, ரொசெந்தா அம்மாவின் கையில் துணி கட்டியவனும் நானே. அதற்காகச் சந்தே என்னைப் பாராட்டியது.

5. நான்கு மணிக்கு உங்கள் ஆட்கள் வந்தார்கள். சந்தில் காலித் தோட்டா கிடைக்காததால், சுட்டது ரிவால்வர்தான் என்றார்கள். ரிவால்வர் காலித் தோட்டாவை வெளியே துப்பாது என்பது சரி. ஆனால் அந்தத் தோட்டா என் வீட்டு மின்விசிறிக்கு அடியில் கிடந்தது. சார்ஜென்ட் என் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்: "படிச்ச பிள்ளை வச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்கய்யா. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு."

வாயருகே முகர்ந்திருந்தாலே அவருக்குத் தெரிந்திருக்கும். அது அவர் குறை. என் குற்றத்தை அது ஒரு துளியும் குறைக்காது.

தன் வீட்டிலிருந்து அவர்கள் எடுத்துவந்த ரிவால்வரைக் காட்டி டெலியோ, "சார், இது எங்கப்பா காலத்துக் குழாய். இதால தேங்காதான் உடைக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐயா, இந்த மனுவில் எழுத எனக்கு மிகவும் கடினமாக இருந்த வரி அதுதான்.

6. ரொசெந்தா அம்மா முடி வெட்டும் தொழில் செய்பவர். எட்டு வருடமாக என் தலை அவர் கையில்தான். 6ஆம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், சீட்டைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார். கத்தரிக்கோலுக்குள் நுழையும் இரண்டு விரல்களும் மடங்காது என்று சீட்டில் இருந்தது. படித்துச் சொன்னேன். அவர், "டெலியோமேல இருந்த கோவமெல்லாம் வத்திப்போச்சு தம்பி. ஒரு தரம் வந்து எதிர்ல உட்காரட்டும். என்னத்துக்குடா சுட்டேன்னு கேக்கணும், அவ்வளவுதான்" என்றார். தலை காடாகக் கிடக்கிறது, இடது கையால் முயன்று பார்க்கிறேன், வா என்றும் சொன்னார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகும் மூன்று நாள் போயிற்று. தைரியம் வரவில்லை என்று எழுதினால் அது எனக்கு நானே காட்டும் மரியாதை. உரிமம் போகும், வேலை போகும், சிறை வரும் என்று எனக்காக மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

7. ஆகவே, சுட்ட குற்றத்தை டெலியோ பெயரிலிருந்து நீக்கி என் பெயரில் பதிவு செய்யவும், என் உரிமத்தை ரத்து செய்யவும், காலண்டருக்குப் பின்னால் உள்ள துளையை உங்கள் ஆட்களே வந்து அளக்கவும் கேட்டுக்கொள்கிறேன். காலித் தோட்டாவை இத்துடன் இணைத்துள்ளேன். விசாரித்துவிட்டுப் பார்க்கலாம் என்று டெலியோவை இன்னொரு நாள் உள்ளே வைக்க வேண்டாம். விசாரிக்கப்பட வேண்டியவன் நான்.

தங்கள் உண்மையுள்ள என்று எழுதும் தகுதி இன்று எனக்கில்லை.

இடம்: சான் அனிசெட்டோ
நாள்: 09.01.2015
(ஒப்பம்) ஜெர்விக் அப்ரெனிகா

நாளை, 10.01.2015 அன்று, நான் செய்யப்போவது:

1. காலை 7 மணிக்கு ரொசெந்தா அம்மாவின் எதிரில் போய் உட்காருவேன். டெலியோவிடம் கேட்க வைத்திருந்ததை அவர் என்னிடம் கேட்கட்டும்.

2. 8 மணிக்கு, சார்ஜென்ட் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டிய அதே இடத்தில் நின்று, சந்துக்காரர்களிடம் இதைச் சொல்வேன். நொனோயும் உடன் நிற்பான்.

3. 9 மணிக்கு நிலையத்துக்கு வருவேன். துப்பாக்கியைக் கொண்டுவர மாட்டேன். வீட்டுக்கு வெளியே எடுத்துச்செல்ல எனக்கு அனுமதி இல்லை. அது அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. மேகசினை முதலில் கழற்றினேன். உள்ளே மூன்று முறை பார்த்தேன், விரலை விட்டும் பார்த்தேன். டேப் உங்கள் முன்னிலையில் பிரிக்கப்படட்டும்.

4. டெலியோ வெளியே வரும்வரை நிலையத்திலேயே இருப்பேன். வரும்போது, அன்று சிரித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன்.