தம்பியின் தெளிப்பானுக்கு வந்த நோட்டீஸ்

சென்னை

அன்புத் தம்பி சவரிமுத்து,

ராயப்பன்பட்டியில் எல்லோரையும் ஆண்டவர் காப்பாராக. உன் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

"பத்து வருசமா திராட்சைக்கு மருந்தடிக்கிற தெளிப்பானை நாந்தானக்கா செய்றேன். ஒங்க கம்பெனிக்காரக ஒன்னாச்சும் செஞ்சாகளா?" என்று, எங்கள் கம்பெனி நோட்டீஸ் கிடைத்ததும் போனில் கேட்டாய். இல்லை. காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, செய்கிறவர்களை மிரட்டுவதுதான் இவர்கள் தொழில். யாரிடமும் கெஞ்சாதவள், மேலாளரிடம் கெஞ்சினேன்.

"அவர்தான் முதல்ல செஞ்சார்னா டெல்லி கோர்ட்டுல வந்து நிரூபிக்கட்டும் மேடம்" என்று சிரித்தார். உன்னிடம் தேதியிட்ட ஒரு தாள்கூடக் கிடையாது. பட்டறையை மூடிவிடு.

வீட்டுக் காப்பிப்பொடி கொஞ்சம் அனுப்பு. ஒருத்திக்கென்று போட்டால் கடைப்பொடி ருசிப்பதில்லை.

கூரியர்காரர் காத்திருக்கிறார். நோட்டீஸில் பிழை தேடி வக்கீலிடம் அலையாதே. உன் பெயரை நிரப்புவதற்கு முன் அதன் ஆங்கிலத்தைத் திருத்தியவள் நான்தான். ஒரு கால்புள்ளிகூடத் தவறவில்லை.

உன் அக்கா,
பிலோமினா