பாலம் தாங்கியது, அப்பா

ஸ்டியரிங்கில் இன்னும் கைச்சூட்டை விட்டுவைத்திருக்கும் என் அப்பாவுக்கு,

உங்கள் சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அரிக்கேன் விளக்கைக் கொட்டகைக்கு வெளியே கல்லின்மேல் வைத்திருக்கிறேன். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் விளக்கு வரக்கூடாது என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. வெளிச்சம் அரைகுறையாக விழுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கோபப்படாதீர்கள். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா, தூங்குவதுபோல் கிடக்கிறாளா, தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா.

என் மடியில் ரோட்டர் இருக்கிறது. பானெட்டைத் திறந்து, ஒயர்கள் வந்து சேரும் அந்த மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்குமே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான், அதேதான். "இதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டா எந்தக் கொம்பனாலும் வண்டியக் கிளப்ப முடியாது" என்று நீங்கள்தான் காட்டிக்கொடுத்தீர்கள். இன்றைக்கு நானே கழற்றிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் இருந்தபோது, நம் வாடகைக் கார் ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம் என்று ஊரே கேலி பேசும். பொய்யில்லையே? கியர்பாக்ஸுக்கு அம்மாவின் சங்கிலி போனது. டைனமோவுக்கு என் கொலுசு. ரேடியேட்டர் ஓட்டையானபோது பால்மாடு கன்றோடு போனது. வலங்கைமானிலிருந்து வரும் மெக்கானிக் பாய், ஒரு பழுதைப் பார்க்க வந்தால் இன்னொன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் டீ கேட்பார். "உங்க மூத்த சம்சாரத்துக்கு இந்த மாசம் என்ன நகை வேணுமாம்?" என்பாள் அம்மா. நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்தபடியே, "மெதுவா பேசுடி. அவ காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கும் கிளம்ப மாட்டா" என்பீர்கள்.

செல்ஃப் எடுக்காத காலைகளில் நீங்கள் பின்னால் நின்று தள்ளுவீர்கள், அம்மா ஸ்டியரிங் பிடிப்பாள். "இப்ப விடு கிளட்ச!" என்று கத்துவீர்கள். இன்ஜின் பிடித்ததும் இறங்கி, புடவையை உதறிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்குமா?

பழுது எல்லாமே நிஜப் பழுது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பண்ணை ஐயா வேண்டாத காரியத்துக்கு வண்டி கேட்கும்போதெல்லாம் ரோட்டர் உங்கள் சட்டைப்பைக்குப் போய்விடும். "ரிப்பேருங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பீர்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழத்தெருவிலிருந்து அஞ்சலை, மாமியாருக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஓடிவந்தாளே, அன்றைக்கு? "பாலம் தாங்காதும்மா. வண்டியும் ரிப்பேரு" என்றீர்கள். அவள் நிற்கும்போதே அவசரமாகப் பானெட்டைத் திறந்தீர்கள். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். காலையில்தான் நாம் குடவாசல் போய் வந்திருந்தோம். அந்தப் பாலத்தில் பண்ணை டிராக்டர் நெல் மூட்டைகளோடு போகிறதை நீங்கள் பார்த்ததில்லையா? கட்டிலில் தூக்கிப்போன அந்தக் கிழவி வீடு திரும்பவில்லை. அன்று உங்கள் பையில் ரோட்டர் இருந்ததா? கேட்க வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் போய்விட்டீர்கள்.

உங்களுக்கு மார்வலி வந்த அன்று வண்டி நிஜமாகவே ரிப்பேர். கியர்பாக்ஸ் கும்பகோணத்தில் பிரித்துக் கிடந்தது. உங்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கண்ணை மூடிவிட்டீர்கள். தலைமாட்டைப் பிடித்திருந்தது அஞ்சலையின் புருஷன் மாரிமுத்து.

இனி நேற்று நடந்தது. "நம்ம ஆட்சி வந்தாச்சு, இனிமே எல்லாம் சரியாயிடும்" என்று இந்த பானெட்டில் கொடி கட்டினீர்களே, அந்தக் கம்பி இன்னும் இருக்கிறது. கூலிதான் சரியாகவில்லை. ஒரு படி நெல் கூடுதலாகக் கேட்டு, கீழத்தெருவில் யாரும் சம்பா அறுப்புக்கு இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை வயலில் இறக்கியது. அஞ்சலை வரப்பில் குறுக்கே நின்றிருக்கிறாள். யார் தடி என்று தெரியவில்லை, மண்டை பிளந்துவிட்டது.

மாரிமுத்து நம் வாசலுக்கு ஓடிவந்தார். நீங்கள் போனபிறகு வண்டி ஓட்டும் சுந்தரம் அண்ணன் அவரைக் கண்டதும் கொல்லைப்பக்கமாக நழுவிவிட்டார். "பாலத்துக்கு இந்தாண்ட நாங்களே தூக்கியாந்துடுறோம்மா" என்றார் மாரிமுத்து. உங்கள் பதிலை அவர் இன்னும் மறக்கவில்லை.

அம்மா ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். "தூக்கினா இன்னும் ரத்தம் போவும். நானே வரேன். செல்ஃப் எடுக்காது, தள்ளுங்க" என்றாள்.

அப்பா, வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரையோடு வருவதைப் பார்க்கப் பாலத்தில் நின்றிருக்கிறேன். அப்போதுகூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. கிளட்சை விட்டாள், இன்ஜின் பிடித்தது. ஆனால் நேற்று அவள் இறங்கவில்லை. நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்னால் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில் பொட்டில்லாத அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. வண்டி பாலத்தில் ஏறியபோது கண்ணை இறுக்கி மூடினேன். சக்கரத்தின் சத்தம் மாறியது. பிறகு மறுபடி மண் சத்தம். அவ்வளவுதான். பாலம் தாங்கியது. ஒரு செங்கல்கூட அசையவில்லை.

அஞ்சலையின் தலையை என் மடியில் வைத்தார்கள். வழியில் களத்து வைக்கோலை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். அதைக் கடந்ததும் அம்மா வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. சீட்டுக்கு அடியில் நீங்கள் வைத்திருந்த அரிவாளோடு கீழே புகுந்து, அச்சில் சுற்றிக்கொண்ட வைக்கோலை அறுத்து எறிந்தாள். சைலன்ஸர் சூட்டில் அது பற்றிக்கொள்ளும் என்று நீங்கள் எப்போதோ யாரிடமோ சொன்னது, அடுப்படியில் இருந்த அவள் காதில் விழுந்திருக்கிறது. இன்னும் எதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறாள்?

"சீட்டெல்லாம் ரத்தமாயிடுச்சேம்மா" என்று முனகினாள் அஞ்சலை.

"வாயை மூடிக்கிட்டுப் படு. எத்தனையோ ஐயாமாரு வெத்தல எச்சிலப் பார்த்த சீட்டுதான்."

"கார்ல ஏறணும்னா மண்டைய ஒடைச்சுக்க வேண்டியிருக்கு பாரேன்" என்றாள். வலியிலும் சிரித்தாள். தையல் போட்டிருக்கிறார்கள். பிழைத்துவிட்டாள்.

இன்று சாயங்காலம் பண்ணையின் காரியக்காரர் வந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"என்ன சரோஜா, வண்டி நல்லா ஓடுதாமே?"

"ஓடுதுங்க."

"அப்ப விடியக்காலம் கும்மோணம் போவணும். அறுப்புக்கு ஆளுவள ஏத்தியாரணும். பண்ணை வண்டின்னா பயலுவ மறிப்பானுவ, இதை மறிக்க மாட்டானுவ."

"வராதுங்க."

அவர் சிரித்தார். "ரிப்பேரா? உன் புருசன் பாடுன பாட்டுதானே!" பிறகு குரலை இறக்கினார். கெட்ட மனுஷர் இல்லை அப்பா. "சரி, ரிப்பேருன்னே சொல்லிடு. காலையில ஐயா மெக்கானிக்க அனுப்புவாரு. கிளம்பலேன்னா அவரு கோவமும் அடங்கிடும். கிளம்புற வண்டிய வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொன்னீன்னா மனைய விட்டு எறங்கச் சொல்லிடுவாரு. இந்த மனை யாரோடதுன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குங்க. மனை பண்ணையோடது. காரு எங்களோடது. அதுல ஒரு ரிப்பேரும் இல்ல. நான்தான் வரமாட்டேன்."

தெருவே கேட்கும்படி சொன்னாள். நம் வீட்டு வாசலில் 'மாட்டேன்' என்ற வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால்தான் கழற்றினேன். காலையில் மெக்கானிக் வருவார், வண்டி கிளம்பாது, வீடு மிஞ்சும். நீங்கள் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பீர்கள். எனக்கு மூளை இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் எழுத எழுத, மடியில் இது கனக்கிறது. வண்டி கிளம்பாவிட்டால், அம்மா சொன்னது என்னவாகும்? சரோஜா பயந்துபோய் வண்டியை ரிப்பேராக்கிவிட்டாள் என்றுதானே பேசுவார்கள்? மாரிமுத்து என்ன நினைப்பார்? தலையில் கட்டோடு கிடக்கிற அஞ்சலையக்கா?

மனையை விட்டு இறக்கினால் எங்கே போவோம் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. உங்கள்மேல் கோபம் இல்லை அப்பா. உங்களுக்கும் இப்படித்தான் பயமாக இருந்திருக்கும், இல்லையா? ரோட்டரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால்தான் அது தெரிகிறது.

இந்தக் காகிதத்தை மடித்து உங்கள் சீட்டு உறைக்குள் சொருகிவிட்டு, பானெட்டைச் சத்தமில்லாமல் திறக்கப்போகிறேன். ரோட்டரை அதன் இடத்தில் வைத்து, மூடியைப் போட்டு, இரண்டு பக்கத்துக் கிளிப்பையும் அழுத்திவிடுவேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஆடாமல் மாட்டுவேன், சத்தியம். காலையில் மெக்கானிக் வந்து யாரை விட்டுத் தள்ளினாலும் வண்டி கிளம்பும். அம்மாதான் கிளம்ப மாட்டாள். நான் அவள் பக்கத்தில் நிற்பேன்.

கையெல்லாம் கிரீஸோடு,
உங்களுக்கும் சரோஜாவுக்கும் பிறந்த மகள்,
தமிழ்ச்செல்வி