சேலையில் தெறித்த துளி

ஹட்டன்,
5.2.1963

அன்புள்ள செரீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்தேன். நமக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று வாசித்ததும், அளந்துகொண்டிருந்த சீத்தைத் துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நீ கப்பலேறி இரண்டு மாதம்தான். அதற்குள் இப்படியொரு செய்தி! உம்மா அழுதுவிட்டார். “அந்தக் குளிருல தனியா கெடக்குதே புள்ள, ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்லியே” என்று இன்னும் புலம்புகிறார். துணி வாங்க வந்த தோட்டத்து வேலாயிதான் தேற்றினாள்: “அவங்களே டாக்டரு. அவங்களுக்கு என்னாங்க பயம்?” நீ மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் வாங்கியவள் என்பதை அவளுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

சந்தோஷமான செய்தியை ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதினாய்? ‘அல்லாஹ்விடம் துஆ செய்யுங்கள்’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது?

உன்
நஜீம்

லண்டன்,
16.2.1963

அன்பின் மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

பக்டீரியாவுக்குள் புகும் வைரஸ், தன் பரம்பரைக் குணத்தை எதன் வழியாகக் கொண்டுபோகிறது என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை. அதைப் பின்தொடரக் கதிர்வீச்சுள்ள பொசுபரசைக் கலக்கிறோம். சென்ற மாதம் அது இருந்த குப்பி கைதவறிவிட்டது. சேலைக்கு மேல் போடும் ஆய்வுகூடக் கோட்டுக்குப் பொத்தான் போட்டிருக்கவில்லை. வயிற்றுப் பக்கம் சேலை நனைந்தது. கதிரை அளக்கும் கருவியைக் கிட்டக் கொண்டுவந்ததும் கடுகு பொரிகிற மாதிரிச் சடசடத்தது. கழுவியும் முழுதாக அடங்கவில்லை. கூட வேலை செய்யும் ரூத், “கொஞ்சம்தான், பயப்படாதே” என்றாள். நான் பிள்ளை சுமப்பது அவளுக்குத் தெரியாது. அன்று எனக்கே தெரியாது.

இன்னும் அதே அறையில்தான் வேலை செய்கிறேன். பேராசிரியரிடம் சொன்னால் வேலை போய்விடும். எனக்குமுன் இருந்த பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. பட்டத்துக்குப் பிறகு எத்தனை இடத்துக்கு எழுதி இந்த ஒன்று கிடைத்தது! ஆனால் காலையில் அந்தக் கதவைத் திறக்குமுன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

உங்கள்
செரீபா

ஹட்டன்,
25.2.1963

செரீபா,

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இன்னுமா அந்த அறைக்குள் போகிறாய்? ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தனக்கும் தெரியாது என்றார்.  ஜப்பானில் குண்டு விழுந்ததைப் பற்றிப் பேப்பரில் வாசித்ததெல்லாம் ஞாபகம் வருகிறது. உம்மா தொட்டிலுக்குத் துணி கேட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் வெட்டிக் கொடுத்தேன்.

வேலையை விட்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தப் படிப்புக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னால் அப்படி எழுத முடியவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். நாளைக்கே பேராசிரியரிடம் சொல்லிவிடு. மற்றதை நீ முடிவு செய்.

நஜீம்

லண்டன்,
24.3.1963

அன்பின் மச்சான்,

உங்கள் கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டேன். பேராசிரியர் கோபப்படவில்லை. “இன்றிலிருந்து அந்த அறைக்குள் போகக் கூடாது” என்றார்.

“என் வேலை?”

“இது ஒரு வருட வேலை, செரீபா. பிள்ளை பிறக்கும்வரை ஆராய்ச்சியை நிறுத்திவைக்க முடியாது” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிட்டார். நான் பக்டீரியா வளர்த்த தட்டுகள் எல்லாவற்றையும் அவரிடம் விளக்கி ஒப்படைத்தேன். அழவில்லை.

ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். பிறந்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாமாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காதாம். அந்தப் ‘பெரும்பாலும்’ நெஞ்சிலேயே நிற்கிறது. முந்தாநாள் பிள்ளை முதன்முதலாக அசைந்தது. சந்தோஷப்பட்டேன், உடனே பயந்தும் போனேன்.

ஏப்ரல் கடைசியில் கப்பல் கொழும்புக்கு வரும். துறைமுகத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். உம்மாவைக் கண்டால் நான் சிரிக்க வேண்டும். அதற்கு முன் கொஞ்ச நேரம் உங்களோடு இருந்து பயப்பட வேண்டும்.

உங்கள்
செரீபா