தேன்நிறக் கல்லுக்குக் கம்பிக் கூடு

பெரியவளின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே போட்டுக்கொள். சொல்ல வந்தவை மூன்று:

1. நான் சௌக்கியம்.
2. வேலை நிலைத்துவிட்டது.
3. எனக்கு இங்கே எதுவும் தேவையில்லை.

இரண்டாவதை விளக்குகிறேன். பட்டறை முதலாளியம்மா ஒரு தேன்நிறக் கல்லைக் கொடுத்து, வெள்ளிக் கம்பி சுற்றிப் பதக்கமாக்கச் சொன்னார். நகம் பட்டாலே கீறல் விழும் கல். கீறினால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு என் கைமேல் நம்பிக்கை இல்லை. அதனால் சோப்புக் கட்டியில் அதே அளவுக்கு ஒரு கல்லைச் செதுக்கி, கம்பியை அதன்மேல் வளைத்தேன்.

"என்ன பெரியவரே, கல்லைக் குளிப்பாட்டப் போறீங்களா?" என்று பக்கத்து மேசையில் மெருகு போடுபவர் சிரித்தார்.

"முதல்ல சட்டை தைச்சுக்கிறேங்க. அப்புறம்தான் போட்டுவிடணும்" என்றேன்.

கூடு உருவானதும் சோப்பை எடுத்துவிட்டு, நிஜக் கல்லை உள்ளே வைத்தேன். முன்பக்கக் கம்பிகளைக் குறடு படாமல் கட்டைவிரலாலேயே மடக்கினேன். முதலாளியம்மா பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லையே! இனிமே இந்த மேசை உங்களுதுதான்" என்றார்.

என்னாலும் முடிகிறது, பார்.

தடித்த கம்பிக்குக் குறடு இல்லாமல் ஆகாது. அதன் வாயில் சுற்ற மெல்லிய துணி வேண்டும். உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. துவைக்காமலே அனுப்பு. கடையில் துணி கிடைக்காமல் இல்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மூன்றாவதாக எழுதியது தவறு.