ஒன்றரை முழக் குழாய்

போன வாரம் சேலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன் என்று சொன்னால், "கிறுக்குப் புடிச்சிருச்சா மாப்ள?" என்று கேட்பாய். பிடித்துத்தான் இருக்கிறது. என் மகளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ஊசி என்று காதில் விழுந்ததும் நாற்காலியை விட்டுக் குதித்துவிட்டாள். டாக்டரம்மா அசரவில்லை. மூலையிலிருந்த நீல சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். "பயப்படாத கண்ணு, இது சிரிப்பு வாயு. மோந்து பாரு, லேசா இனிக்கும்."

அந்த இனிப்பு வாசம் எனக்கும் வந்தது. ஆனால் என்னை உலுக்கியது வாசம் இல்லை. பாப்பாவின் மூக்குமூடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, சுவரோரமாகப் போய், ஜன்னலில் போட்டிருந்த துளை வழியாக வெளியே போனது. அது எதற்கு என்று கேட்டேன். "பாப்பா விடற மூச்சு ரூமுக்குள்ளயே நின்னா எங்களுக்கும் தலை சுத்தும்ல? அதான் வெளிய விட்டுர்றோம்" என்றார், மின்விசிறி எதற்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல.

ஒரு துளை, ஒரு குழாய். அவ்வளவுதானேடா.

நீ பேளுக்குறிச்சியில் உங்கள் அத்தாவின் மிளகுக் கடையில் இருந்தாய். நான் மலையடிவாரத்தில், காரவள்ளியில் லாரிக்கும் ஜீப்புக்கும் வயரிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகு எடுக்க மலைக்குப் போகிற வழியில் ஹாரன் சரியில்லை என்று வந்தவன், பிறகு ஹாரன் சரியாக இருந்த நாளிலும் வந்தாய். பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் ஜப்பான்காரனுடைய டர்போ எஞ்சினைத் தூக்கி வைத்தோம். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறிதான் டர்போ. நேர்ரோட்டில் அது ராஜா. வளைவில் வேகம் குறைந்தால் விசிறி தூங்கிவிடும், மறுபடி முழிக்க இரண்டு மூன்று விநாடி ஆகும். அதுவரை வண்டி சவலைப்பிள்ளை மாதிரி முனகும். "நம்ம மலைக்கு எழுபது வளைவு மாப்ள. எழுபது தடவ சாவுது வண்டி" என்று ஸ்டியரிங்கைக் குத்துவாய்.

நாமக்கல்லில் பிரவுசிங் சென்டர் வந்த புதிது. நீதான் அங்கே உட்கார்ந்து, அமெரிக்காக்காரன் இதற்கு இதே சிரிப்பு வாயுவை, நைட்ரஸ் என்ற பேரில், ஏற்றுகிறான் என்று கண்டுபிடித்து வந்தாய். அச்சடித்த தாள்களை அகராதி வைத்துப் படித்தோம். சாராம்சத்தை உன் கடைக் காலண்டர் தாளின் முதுகில் நீ தமிழில் எழுதினாய். ஆக்ஸிலேட்டரை முழுசாக அமுக்கினால் ஒழிய கேஸ் திறக்கக் கூடாது. கேஸ் போகும்போது பெட்ரோலும் கூடுதலாகப் போகணும், இல்லையென்றால் பிஸ்டன் உருகும். டர்போ முழித்ததும் கேஸ் தூங்கிவிட வேண்டும், இரண்டும் ஒன்றாக முழித்திருந்தால் எஞ்சின் தாங்காது. சிலிண்டரில் அழுத்தம் ஏற்ற நெருப்பில் காட்டவே கூடாது. கடைசியாக ஒன்று: வெயிலில் சூடேறினால் சிலிண்டர் தலையில் உள்ள சின்ன வால்வு கேஸைக் கக்கும், அது வண்டிக்குள் நிற்காமல் வெளியே போக ஒரு குழாய் வேண்டும்.

நம்மை அவசரக்குடுக்கை என்று யாரும் சொல்ல முடியாது. டர்போவின் அழுத்தம் ஏறியதும் கேஸை அறுத்துவிடுகிற சுவிட்சை எத்தனை தடவை சோதித்துப் பார்த்தேன், நீயே பக்கத்தில் இருந்தாய். முதல் நாலும் வண்டியுடைய உயிருக்கு. பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஓட்டுகிறவனுடைய உயிருக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் மிச்சம் வைத்தோம்.

மூன்றாவது வளைவில் முதல்முறை கேஸ் திறந்தது ஞாபகம் இருக்கிறதா? சாக வேண்டிய வண்டி சாகவில்லை. வளைவை விட்டு அம்பாகக் கிளம்பியது. "ஐயோ மாப்ள, யாரோ பின்னால இருந்து தள்ற மாதிரி இருக்குடா!" என்று கத்தினாய். நானும் திரும்பிப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் நான் பட்டை போட்டுக் கட்டிய நீல சிலிண்டர் மட்டும் இருந்தது.

குழாய் வாங்கியாயிற்று, ஒன்றரை முழத்துக்கு வெட்டியும் ஆயிற்று. வண்டியின் தரையில் துளை போட டிரில்லை எடுத்தேன், கரண்ட் போனது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நீ எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாய். "நாளைக்குச் சந்தை. மத்தியானம் மேல போய் மிளகு பாத்துட்டு வந்தர்றேன். சாயந்திரம் போட்டுக்கலாம் வுடு." சிலிண்டர் நிறைந்திருந்தது. இரண்டு போல்ட்டைக் கழற்றி அதை இறக்கி வைத்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. "சரி, சீக்கிரம் வா" என்றேன்.

மறுநாள் காலை முழுக்கச் சந்தையோரம் வெயிலில், கண்ணாடி ஏற்றிய வண்டி நின்றது. மத்தியானம் நீ மலை ஏறினாய். மேலே அன்றைக்குப் பனி இறங்கியிருந்தது. கீழே இருந்து வருகிற யாராக இருந்தாலும் பாதி மலையில் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். நீயும் ஏற்றியே வைத்திருந்தாய்.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறங்கிய ஜீப்காரர்தான் உன்னைக் கடைசியாகப் பார்த்தவர். "ஒதுங்கி வழி வுட்டனுங்க. கண்ணாடிக்குள்ள இருந்து என்னையப் பாத்துச் சிரிச்சாருங்க. நல்லா வாயத் தொறந்து சிரிச்சாரு. அடுத்த வளைவுல வண்டி திரும்பவே இல்லீங்க, நேராப் போயிருச்சு." பிரேக் பிடித்த தடமே இல்லை. பிரேக் போயிருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். காரவள்ளிக்குச் சேதி வந்து ஓடியவர்களில், பள்ளத்தில் உன்னிடம் முதலில் இறங்கியவன் நான்தான். நீ போய்விட்டாய் என்று கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. அப்புறம் நான் செய்ததைக் கேள். சிலிண்டரைத் தட்டிப் பார்த்தேன். திருகு மூடியபடி இருந்தது, சிலிண்டர் காலி. அந்தச் சின்ன வால்வு எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே கக்கியிருந்தது. ஆட்கள் இறங்கி வருவதற்குள் அதைக் கழற்றிப் புதருக்குள் உருட்டிவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்டா. வேறு ஒன்றுக்கும் இல்லை.

எட்டு வருஷம் ஆகிறது. கண்ணாடி ஏற்றிய கார் எதிரே வந்தால் உள்ளே பார்க்க மாட்டேன். நீ வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருப்பாய்.

உங்கம்மாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு மருந்தாக இருந்தது. போகும்போதெல்லாம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஜீப்புக்காரரு சொன்னதச் சொல்லு கண்ணு" என்பார். நான் சொல்வேன். "எம்புள்ள சிரிச்சுட்டேதான் போயிருக்கான்" என்று முந்தானையால் கண்ணைத் துடைப்பார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை என்று எனக்கு நானே நல்லவன் பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

பாப்பா நாற்காலியில் கெக்கெக்கே என்று சிரித்தாள். பரவாயில்லை, வலி தெரியாமல் சந்தோஷமாக இருக்கிறாள், நீயும் இப்படித்தான் இருந்திருப்பாய் என்று எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்தபடி சொன்னாள்: "அப்பா, சிரிப்பு தானா வந்துச்சுப்பா. எனக்கு உள்ள பயமாத்தான் இருந்துச்சு. நிறுத்தவே முடியல."

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். டீ வந்தது. அம்மா வழக்கம்போலக் கேட்டார். இந்த முறை குழாயிலிருந்து ஆரம்பித்தேன். புதருக்குள் உருட்டியது வரை ஒன்றையும் விடவில்லை. அழுதால் தாங்கலாம் என்று காத்திருந்தேன், அழவில்லை.

"அப்ப எம்புள்ள சந்தோசமாச் சிரிக்கலியா?"

"தெரியலீங்கம்மா."

"அந்தக் குழாய வெச்சிருக்கியா?"

பையில்தான் இருந்தது. எட்டு வருஷமாக டூல்ஸ் பையின் அடியில் கிடக்கிறது, தூக்கிப் போடவும் முடியாமல், இன்னொரு வண்டியில் மாட்டவும் முடியாமல். எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதைத் தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அளந்து பார்த்தார். ஒரு முழம், பிறகு அரை முழம். சுருட்டி என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இது இந்த ஊட்டுல இருக்க வேண்டாம். நீயே வெச்சுக்க கண்ணு."

எப்போதும் வாசல்வரை வந்து "போயிட்டு வா" என்பவர், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

வெச்சிருக்கேன்டா. நேற்று வேலைக்கு வந்த ஒரு காரில் பாப்பாவோடு மலைக்குப் போனேன். நீ திரும்பாத வளைவில் நல்ல பனி. கண்ணாடியை முழுசாக இறக்கினேன். "குளிருதுப்பா" என்றாள். பொறுத்துக்க சாமி என்றேன்.