ராணி பொம்மைக்கு எழுதின கண்

அன்புள்ள மாதேவிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் இடுப்பு வலி தேவலையா? போன்ல பேசினா அத்தை உன் பக்கத்துலயே நிக்கிறாங்க, அதான் எழுதறேன்.

மைசூர்ல தசரா கொலுவுக்குப் பொம்மை வேலை ஜாஸ்தி. முதலாளி மல்லப்பாவுக்கு இன்னும் கை நடுங்குது. அதனால ராஜா ராணி பொம்மைக்கெல்லாம் கண்ணு எழுதறது நான்தான். அவர் எழுதற மாதிரியே எழுதுவேன்னுதான் என்னை வெச்சிருக்கார். வாங்க வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

போன வாரம் ஒரு ராணிக்கு மட்டும் கண்ணு வேற மாதிரி விழுந்துடுச்சு. மல்லப்பா பார்த்துட்டு, "இது என் கண்ணு இல்லையே"ன்னார். திட்டல, நீ கவலைப்படாதே. ஓரமா எடுத்து வெச்சுட்டார், அவ்வளவுதான். ஆனா கடைக்கு வந்த ஒரு அம்மா அதையேதான் வாங்கிட்டுப் போனாங்க. மக கல்யாணச் சீருக்கு அதே கண்ணோட இன்னொரு ராணி வேணும்னு சொல்லியிருக்காங்க.

நானும் எழுதி எழுதி அழிக்கிறேன். மல்லப்பா கண்ணுதான் வருது. அவரை மாதிரி எழுத வருது, என்னை மாதிரி எழுத வரல.

யாராவது இந்தப் பக்கம் வந்தா கொஞ்சம் கொள்ளுப் பயறும், கை வெச்ச பனியன் ரெண்டும் குடுத்து விடு. அப்புறம் உன் போட்டோ ஒண்ணு அனுப்பு. சிரிக்க வேண்டாம். நான் பஸ் ஏறினப்ப ஒண்ணும் பேசாம நின்னு பார்த்தியே, அப்படிப் பாரு. அந்த ராணி அப்படித்தான் பார்த்தா.

வர்ணம் காயுது, போறேன்.

உதயகுமார்